மீசையில் ஒட்டிய மண்: பணம் போட்டு ஏமாந்தவர்களே ஏமாற்றியவருக்காக நிற்பது ஏன்?

2024 ஜனவரியில் கோவை நீலாம்பூர் பக்கம் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். செல்போனில் விளம்பரம் பார்த்தால் பணம் வரும் என்று ஆள் சேர்த்த ஒரு நிறுவனத்தின் மேல் போலீஸ் வழக்குப் பதிந்திருந்தது. திரண்டவர்கள் யாரும் போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்க வரவில்லை. வழக்கே தவறு, நிறுவனம் நல்ல நிறுவனம் என்று சொல்ல வந்திருந்தார்கள். ஓராண்டு கழித்து, 2025 ஜனவரியில், சேலம் அம்மாப்பேட்டையில் இன்னொரு காட்சி. அறக்கட்டளை என்ற பெயரில் மண்டபத்தில் வைத்து முதலீடு வாங்குவதாகப் புகார் வந்து, சோதனைக்குப் போன போலீசாரை அங்கே இருந்த கூட்டமே தாக்கியது.

செய்தியைப் படித்த பலருக்கும் குழப்பம். பணம் போட்டவர்கள் போலீசுக்கு அல்லவா துணை நிற்க வேண்டும்? டீக்கடையில் கிடைக்கும் விளக்கம் ஒரே சொல்தான்: பேராசை. அது பாதி விளக்கம். ஒருவர் ஏன் பணம் போட்டார் என்பதைப் பேராசை சொல்லும். சந்தேகம் வந்த பிறகும், தவணை நின்ற பிறகும், வழக்கு வந்த பிறகும் அந்த ஆளுக்காக அவர் ஏன் வாதாடுகிறார் என்பதைச் சொல்லாது. ஆசைப்பட்டுப் போட்டவர், ஆசை கலைந்ததும் முதலில் பணத்தைத்தானே தேட வேண்டும்?

மீதிப் பாதிக்கு உளவியலில் ஒரு பெயர் இருக்கிறது: அறிதல் முரண். அறிவாற்றல் முரண்பாடு, அறிகை முரண் என்றும் எழுதுகிறார்கள். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்றவனை நமக்குத் தெரியும். பழமொழி அவனைப் பார்த்துச் சிரிக்கிறது. ஆய்வுகள் சொல்வதைக் கேட்டால் சிரிப்பு கொஞ்சம் அடங்கும். பெரும்பாலும் அவன் பொய் சொல்வதில்லை. கண்ணாடியைக் கையில் கொடுத்தாலும் அவன் கண்ணுக்கு மண் தெரியாது.

சொல்லுக்குள் என்ன இருக்கிறது

‘அறிதல்’ என்பது இங்கே படிப்பறிவைக் குறிக்கவில்லை. மனதில் இருக்கும் எந்தத் தகவலும் ஓர் அறிதல். ‘மல்கோவா இனிக்கும்’, ‘நான் நேற்று பொய் சொன்னேன்’, ‘நான் நேர்மையானவன்’, ‘என் தங்கைக்கு அடுத்த வருடம் கல்யாணம்’ எல்லாமே அறிதல்கள். இரண்டு அறிதல்களுக்கு இடையே மூன்று வகை உறவு இருக்கலாம். ஒன்றோடொன்று ஒத்துப்போகலாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். மல்கோவா இனிப்பதற்கும் இன்று ஏற்காட்டில் மழை பெய்வதற்கும் என்ன தொடர்பு? மூன்றாவது, ஒன்றை ஏற்றால் மற்றது இடிக்கலாம். ‘நான் நேர்மையானவன்’, ‘நான் நேற்று பொய் சொன்னேன்’ இரண்டும் பக்கத்தில் உட்கார்ந்தால் இடிக்கிறது அல்லவா, அதுதான் முரண்.

இந்த இடிப்பை வெறும் தர்க்கப் பிழையாக எடுத்துக்கொண்டால் விஷயம் புரியாது. பசி, தாகம் மாதிரி இது ஓர் உபாதை. பசித்தால் உணவைத் தேடுகிறோம். முரண் வந்தால் அதைத் தீர்க்க மனம் எதையாவது தேடும். இசைக்கச்சேரியில் ஓர் அபஸ்வரம் விழுந்தால், சங்கீதம் தெரியாதவருக்கும் முகம் சுளிக்கும் இல்லையா? ‘காக்னிட்டிவ் டிஸனன்ஸ்’ என்ற ஆங்கிலப் பெயரே அந்த அபஸ்வரத்தைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்ததுதான்.

இந்தக் கோட்பாட்டை 1957இல் நூலாக வகுத்துச் சொன்னவர் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர். உபாதை எவ்வளவு இருக்கும் என்பதற்கு அவர் கொடுத்த அளவு எளிது. இடிக்கும் விஷயங்கள் நமக்கு எவ்வளவு முக்கியமோ, ஒத்துப்போகும் விஷயங்களைவிட இடிப்பவை எவ்வளவு அதிகமோ, அவ்வளவு வலி.

தீர்க்கும் வழிகள்: ஏற்காடு அடிவாரத்தில் ஒரு ஹெல்மெட்

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஞாயிற்றுக்கிழமை காலை அடிவாரத்தில் நின்று பார்த்தால், ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு ஏறும் ஓர் இளைஞராவது கண்ணில் படுவார். அவருக்கு இரண்டு விஷயங்கள் தெரியும். ஒன்று, இந்தச் சாலையில் வண்டி சறுக்கினால் தலை தப்பாது. இரண்டு, தலையில் ஹெல்மெட் இல்லை. அபஸ்வரம் விழுந்துவிட்டது. அவர் முன்னால் இருப்பவை நான்கு வழிகள்.

1. நடத்தையை மாற்றுவது. ஓரமாக நிறுத்தி ஹெல்மெட்டை மாட்டுவது. இரண்டு நொடி வேலை, ஆனால் பின்னால் நண்பன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.
2. நம்பிக்கையை மாற்றுவது. “மலையில யாரு வேகமா போறாங்க, முப்பதுலதான போறோம்.”
3. புதிதாக ஒன்றைச் சேர்ப்பது. “ஹெல்மெட் போட்டா பின்னாடி வர்ற பஸ் ஹாரன் கேக்காது, அதுதான் ஆபத்து.”
4. விஷயத்தின் எடையைக் குறைப்பது. “விதி முடிஞ்சா வீட்டுக்குள்ளயே போகும்.”

முதல் வழிக்கு மட்டும்தான் உடம்பு அசைய வேண்டும். மற்ற மூன்றும் உட்கார்ந்த இடத்தில் முடியும், மூன்றாவது வளைவு வருவதற்குள். அவருக்கு இவை சாக்குப்போக்காகத் தோன்றுவதில்லை, யோசித்து எடுத்த முடிவாகவே தோன்றும். அறிதல் முரணின் முக்கியமான குணம் இதுதான். தீர்வு வந்ததும் உபாதை போய்விடுகிறது. உபாதை இருந்ததே நினைவில் இருக்காது.

பீகாரில் தொடங்கிய சந்தேகம்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த கோட்பாடுதான் என்றாலும், அதற்கு முதல் பொறி தட்டியது நம் நாட்டுச் சம்பவம் ஒன்றில். 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அதன் பிறகு பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற இந்திய உளவியலாளர் சேகரித்து ஆராய்ந்தார். நிலம் குலுங்கியதை உணர்ந்த, ஆனால் சேதம் இல்லாத பகுதிகளில் பரவிய வதந்திகள் விசித்திரமாக இருந்தன. இன்னும் பெரிய நிலநடுக்கம் வரப்போகிறது, பெருவெள்ளம் வரும், பிரளயம் நெருங்கிவிட்டது என்றெல்லாம் பேச்சு.

இருபது ஆண்டுகள் கழித்து இதைப் படித்த ஃபெஸ்டிங்கரை ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. பயந்துபோன மனிதன் ஆறுதலைத்தானே தேடுவான்? மேலும் பயமுறுத்தும் கதையை ஏன் நம்பி, அதை ஊருக்கும் சொல்லுகிறான்?

அவர் எட்டிய விடை இது. சேதம் இல்லாத ஊர்க்காரருக்குப் பயம் இருக்கிறது, ஆனால் கண்ணெதிரே பயப்படக் காரணம் இல்லை. வீடு நிற்கிறது, மாடு மேய்கிறது, உடம்பு மட்டும் நடுங்குகிறது. ‘நான் பயப்படுகிறேன்’, ‘பயப்பட ஒன்றும் இல்லை’ இரண்டும் இடிக்கின்றன. பிரளயம் வரும் என்ற கதை அந்த நடுக்கத்துக்கு ஒரு நியாயம் கொடுக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஆய்வும் கிடைத்தது. டார்ஜிலிங்கில் ஏற்பட்ட நிலச்சரிவுக்குப் பிறகு துர்கானந்த் சின்ஹா என்ற ஆய்வாளர் வதந்திகளைச் சேகரித்திருந்தார். அங்கே மக்கள் அழிவை நேரில் பார்த்தவர்கள். அவர்களிடையே அப்படிப்பட்ட பிரளயக் கதைகள் பரவவில்லை. அவர்களின் பயத்துக்குக் காரணம் கண்முன்னேயே கிடந்தது.

காரணத்தில் இருந்து உணர்ச்சி வருகிறது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உணர்ச்சி முதலில் வந்துவிட்டால், காரணத்தை மனம் தயாரித்துக்கொள்ளும் என்பது அவர் கண்ட தலைகீழ்.

ஒரு டாலரும் இருபது டாலரும்

1959இல் ஃபெஸ்டிங்கரும் ஜேம்ஸ் கார்ல்ஸ்மித்தும் வெளியிட்ட சோதனைதான் இந்தத் துறையில் அதிகம் பேசப்படுவது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், 71 மாணவர்கள். ஒரு மணி நேரம் அலுப்பான வேலை. முதல் அரை மணி, தட்டில் நூல் உருளைகளை அடுக்கு, எடு, மறுபடி அடுக்கு. அடுத்த அரை மணி, பலகையில் இருக்கும் 48 சதுர முளைகளை ஒவ்வொன்றாகக் கால்வட்டம் திருப்பு, முடிந்ததும் மறுபடி முதலில் இருந்து திருப்பு. வேலையின் நோக்கமே அலுப்பூட்டுவதுதான்.

முடிந்ததும் சில மாணவர்களிடம் ஓர் உதவி கேட்டார்கள். வெளியே காத்திருக்கும் அடுத்த ஆளிடம் போய், “வேலை ரொம்ப சுவாரசியமா இருந்தது” என்று சொல்ல வேண்டும். பொய்தான். அதற்குச் சிலருக்கு 1 டாலர், சிலருக்கு 20 டாலர். (அந்தக் காலத்து 20 டாலர் சின்னத் தொகை கிடையாது.) பிறகு தனியாக, வேறொருவர் மூலம், வேலை உண்மையில் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். கழித்தல் 5 முதல் கூட்டல் 5 வரை மதிப்பெண்.

- பொய்யே சொல்லாதவர்கள்: கழித்தல் 0.45
- 20 டாலர் வாங்கியவர்கள்: கழித்தல் 0.05
- 1 டாலர் வாங்கியவர்கள்: கூட்டல் 1.35

கூலி அதிகம் வாங்கியவருக்குத்தான் வேலை பிடித்திருக்க வேண்டும் என்பது நம் பொதுப்புத்தி. நடந்தது நேர்மாறு. 20 டாலர்க்காரருக்குப் பொய்க்கு ஒரு காரணம் கையில் இருக்கிறது: ‘காசுக்காகச் சொன்னேன்’. கணக்கு முடிந்தது. 1 டாலர்க்காரருக்கு அந்தச் சாக்கு இல்லை. ஒரு டாலருக்காகப் பொய் சொல்லும் ஆளா நான்? இல்லையே. அப்படியென்றால் வேலை அவ்வளவு மோசமில்லை போலிருக்கிறது.

வெளியில் இருக்கும் காரணம் எவ்வளவு சின்னதோ, உள்ளே நடக்கும் மாற்றம் அவ்வளவு பெரியது. முதலீட்டுக் கும்பல்கள் இந்தப் பாடத்தைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஏஜெண்டாகச் சேரும் சாதாரண ஆளுக்கு ஒரு ஹாட்பாக்ஸும் மேடையில் ஒரு சால்வையும் போதும் என்று அனுபவத்தில் தெரிந்து வைத்திருக்கிறார்கள். லட்ச ரூபாய் சம்பளம் கொடுத்தால் அவர் வேலைக்காரர். சால்வை போர்த்தினால் அவர் நம்பிக்கையாளர்.

கொலுசுப் பட்டறையில் ஒரு கணக்கு

இனி அம்மாப்பேட்டைக் கேள்விக்கு வருவோம். உதாரணத்துக்கு, செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான். நாலு பேர் வேலை செய்யும் பட்டறை. எடையில் ஒரு கிராம் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடும் கண். பற்ற வைத்த இடத்தை நகத்தால் தடவியே வேலை சுத்தமா இல்லையா என்று சொல்லிவிடுவார். விவரம் தெரியாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. வெள்ளி விலை ஏறி ஆர்டர் குறைந்த ஒரு மாதத்தில், தெரிந்தவர் ஒருவர் ‘ஸ்கீம்’ பற்றிச் சொல்கிறார்.

1. ஒரு லட்சம் போடுகிறார். மாதம் 10,000 வரும் என்கிறார்கள். வங்கியில் அதே ஒரு லட்சத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் ஒரு வருடத்துக்கே 7,000தான். இந்தக் கணக்கு அவருக்கும் தெரியும், உறுத்தவும் செய்கிறது.

2. முதல் மாதம் 10,000 வருகிறது. ஐந்து மாதத்தில் 50,000. அவருடைய பணத்தில் பாதிதான் அவருக்கே திரும்பியிருக்கிறது. ஆனால் மனதில் அது ‘லாபம்’ என்ற பெயரில் பதிகிறது. உறுத்தலுக்கு எதிராகத் தட்டில் ஐந்து எடைக்கல் விழுந்தாயிற்று.

3. மச்சானைச் சேர்த்துவிடுகிறார். பட்டறையில் வேலை செய்யும் பையன் தங்கை கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தையும். இதற்குக் கமிஷன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். “நான் போட்டிருக்கேன், எனக்கு வருது, நீ தைரியமா போடு” என்று வாயால் சொன்னதுதான் இங்கே பெரியது. சொன்ன சொல்லுக்கு இப்போது சாட்சி இருக்கிறது.

4. எங்கோ ஒரு கிளையில் தவணை தாமதம் என்று பேச்சு. அலுவலகத்தில் “சர்வர் மாத்துறோம்” என்கிறார்கள். வெளியாள் யார் கேட்டாலும் சிரிக்கும் பதில். அவருக்கு அது போதுமானதாக இருக்கிறது.

5. போலீஸ் வருகிறது.

ஐந்தாவது படியில் அவர் மனதில் இடிப்பவற்றை எழுதிப் பாருங்கள். ‘நான் எடை பார்த்துப் பழகியவன், என்னை ஏமாற்ற முடியாது’ என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ‘ஏமாந்துவிட்டேன்; மச்சான் பணத்தையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்; அந்தப் பெண்ணின் கல்யாணம் என்னால் நிற்கப்போகிறது.’ இது ஒரு லட்ச ரூபாயைப் பற்றிய முரணாக இருந்த காலம் போய்விட்டது. தான் யார் என்பதைப் பற்றிய முரண் ஆகிவிட்டது. இதைத் தீர்க்க இரண்டே வாசல். ஒன்று, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வது. மற்றது ஒரே ஒரு வாக்கியம்: “நல்லது செய்யறவரை வேணும்னே கெடுக்கறாங்க.” இரண்டாவது வாசலில் நுழைந்தால் அவர் நல்லவர், மச்சானுக்கு நன்மை செய்தவர், வட்டியும் வரப்போகிறது. வில்லன் மட்டும் மாறுகிறார்.

அம்மாப்பேட்டையில் போலீசாரைத் தாக்கிய கையில் இருந்தது இந்த வாக்கியம்தான் என்று நினைக்கிறேன். எல்லார் கையிலும் அல்ல. கூட்டத்தில் கூலிக்கு வந்தவர்கள் இருப்பார்கள், தெரிந்தே உடந்தையாக இருந்தவர்கள் இருப்பார்கள். நாம் பேசுவது மற்றவர்களை.

பணம் கைமாறும் அந்த நொடிக்கே ஒரு சக்தி உண்டு என்பதற்கு இன்னொரு ஆய்வு. 1968இல் நாக்ஸ், இன்க்ஸ்டர் என்ற இருவர் கனடாவில் குதிரைப் பந்தய மைதானத்தில் ஆட்களைப் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: உங்கள் குதிரை ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு? 2 டாலர் கவுன்ட்டர் வரிசையில் நின்றவர்களைவிட, பணம் கட்டிவிட்டுத் திரும்பியவர்கள் நம்பிக்கையோடு இருந்தார்கள். இடையில் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. குதிரையும் அதே குதிரை.

சின்ன விஷயங்களிலும் இதைப் பார்க்கலாம். மே மாதம் சேலத்து மாம்பழக் கடையில் மல்கோவாவா இமாம் பசந்தா என்று கால் மணி நேரம் தடுமாறிவிட்டு மல்கோவாவை வாங்கியவர், வீடு சேர்வதற்குள் இமாம் பசந்தில் நாலு குறை கண்டுபிடித்திருப்பார். 1956இல் ஜாக் பிரெம் வீட்டு உபயோகப் பொருட்களை வைத்துச் செய்த சோதனையில் இதைத்தான் காட்டினார். தேர்ந்தெடுத்த பொருளின் மதிப்பு ஏறியது, விட்டுவிட்டதன் மதிப்பு இறங்கியது.

பிரளயம் வராத இரவு

கூட்டமாக நம்பும்போது என்ன ஆகும் என்பதற்கு எப்போதும் சொல்லப்படும் கதை 1954ஆம் ஆண்டினது. சிகாகோ அருகே ஒரு பெண்மணி, டிசம்பர் 21 அன்று பெருவெள்ளம் வரும், நம்பியவர்களை வேற்றுக்கிரகத்தார் வந்து காப்பாற்றுவார்கள் என்றார். சீடர்கள் சிலர் வேலையை விட்டிருந்தார்கள். ஃபெஸ்டிங்கரும் உடன் ஆய்வாளர்களும் நம்பிக்கையாளர் போலக் குழுவுக்குள் ஆட்களை அனுப்பிக் கவனித்தார்கள். வெள்ளம் வரவில்லை. குழுவின் நம்பிக்கையால் கடவுள் உலகத்தை அழிக்காமல் விட்டுவிட்டார் என்று ஒரு புதிய செய்தி ‘வந்தது’. அதுவரை பத்திரிகைக்காரர்களை விரட்டியவர்கள், அவர்களே பத்திரிகைகளைக் கூப்பிட்டுச் சொன்னார்கள் என்று 1956இல் வந்த நூல் பதிவு செய்கிறது.

கூடவே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஆய்வின் பழைய ஆவணங்களைப் புரட்டிய பிற்கால ஆய்வாளர்கள், உள்ளே அனுப்பப்பட்டவர்களே குழுவின் போக்கைப் பாதித்தார்கள், பல சீடர்கள் சீக்கிரமே விலகிவிட்டார்கள் என்றெல்லாம் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். ஆகவே இதை ஆதாரமாகப் பிடித்துத் தொங்க வேண்டாம். இதில் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று: ஆதரவுக்குப் பக்கத்தில் ஆள் இருந்தால் பொய்த்த நம்பிக்கையைத் தாங்குவது எளிது. தனியே வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் சீக்கிரம் விட்டுவிட்டார்கள் என்று அந்த நூலே சொல்கிறது. நம் முதலீட்டாளர்களுக்கு இன்று அந்த ‘பக்கத்து ஆள்’ வாட்ஸ்அப் குழு. வழக்கு வந்த மறுநாள் அதில் வரும் “நல்லதே நடக்கும், பொறுமை காக்கவும்” என்ற செய்திக்கு நூறு கைகூப்பு.

கோட்பாட்டுக்கு விழுந்த அடிகள்

இது கல்லில் செதுக்கிய விதி அல்ல. எழுபது ஆண்டுகளாக அடி வாங்கிக்கொண்டுதான் நிற்கிறது.

முதல் பெரிய அடி 1967இல். டேரில் பெம் என்பவர், உபாதை என்ற ஒன்றே தேவையில்லை என்றார். நம் மனதை நாமும் வெளியாள் மாதிரியே நடத்தையைப் பார்த்து ஊகிக்கிறோம். ‘ஒரு டாலருக்குச் சொல்லியிருக்கிறேன் என்றால் பிடித்துத்தான் இருந்திருக்கும்’, அவ்வளவுதான் என்றார். இதற்குப் பதில் சொல்வதுபோல் 1974இல் சானாவும் கூப்பரும் ஒரு தந்திரம் செய்தார்கள். வெறும் போலி மாத்திரையைக் கொடுத்து, இது கொஞ்சம் படபடப்பு தரும் என்று சிலரிடம் சொல்லிவிட்டு, அவர்களுடைய கருத்துக்கே எதிராக ஒரு கட்டுரை எழுத வைத்தார்கள். மாத்திரையால்தான் படபடப்பு என்று நினைத்தவர்கள் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அதாவது உபாதை இருக்கிறது. அதற்கு வேறு காரணம் கிடைத்துவிட்டால் மனம் கருத்தைத் தொடுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

பிரெம் வகைச் சோதனைகளில் கணக்குப் பிழை ஒளிந்திருக்கிறது, கருத்தே மாறாவிட்டாலும் எண்கள் மாறியதுபோல் காட்டும் என்று 2010இல் சென், ரைசன் இருவரும் காட்டினார்கள். பிற்பாடு வந்தவர்கள் முறையைத் திருத்த வேண்டியதாயிற்று.

2024இல் வெளியான பெரிய சோதனை இன்னும் கனமானது. 19 நாடுகளில் 39 ஆய்வகங்கள், ஏறத்தாழ 4,900 பேர். தங்கள் கருத்துக்கு எதிராக ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். சிலரிடம் “உங்கள் இஷ்டம்” என்று அழுத்திச் சொல்லி, சிலரிடம் எழுதியே ஆக வேண்டும் என்று சொல்லி. பழைய கோட்பாட்டின்படி ‘இஷ்டம்’ கொடுக்கப்பட்டவர்கள்தான் அதிகம் மாற வேண்டும். அந்த வித்தியாசம் வரவில்லை. ஆனால் சம்பந்தமில்லாத விஷயம் பற்றி எழுதியவர்களைவிட, எதிர்க்கருத்தை எழுதியவர்கள் அந்தக் கருத்தை நோக்கி நகர்ந்திருந்தார்கள். செய்தது மனதை இழுக்கிறது என்பது நிற்கிறது; ஏன் இழுக்கிறது என்ற பழைய விளக்கத்தில் ஒரு கால் ஆடுகிறது.

நமக்கு நெருக்கமான கேள்வி வேறொன்று. இது வெள்ளைக்கார மனதுக்கு மட்டும் உள்ள வியாதியா? 1997இல் ஹைனும் லேமனும் இசைத்தட்டுகளை வைத்துச் செய்த சோதனையில் கனடாக்காரர்கள் தம் தேர்வை நியாயப்படுத்தினார்கள். ஜப்பானியர்களிடம் அது தெரியவில்லை. 2005இல் ஹோஷினோ-பிரவுனும் மற்றவர்களும் கேள்வியை மாற்றிப் போட்டார்கள். தனக்காக இல்லாமல் நண்பருக்காகத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, ஆசியப் பின்னணி கொண்டவர்கள் தேர்வை நன்றாகவே நியாயப்படுத்தினார்கள். நமக்காக எடுத்த முடிவு தப்பானால் ஒரு மாதிரி, அடுத்தவருக்காக எடுத்தது தப்பானால் வேறு மாதிரி. பட்டறைக்காரர் கணக்கில் மூன்றாவது படி ஏன் அத்தனை கனமானது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என் கண்ணில் படவில்லை. சொந்தக் காசு போனால் தூக்கம் போகும். மச்சான் காசு போனால் மாமனார் வீட்டு வாசல் போகும்.

இதனால் என்ன ஆகிறது

1. அவமானப்படுத்தினால் எதிர் விளைவு. “படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டீங்களா?” என்பது வலிக்கும் இடத்திலேயே ஏறி மிதிப்பது. முரண் கூடும், கூடினால் அவர் இரண்டாவது வாசலை நோக்கி வேகமாக ஓடுவார். ஒருவருடைய மதிப்பை வேறொரு இடத்தில் உறுதிப்படுத்தினால் முரணைத் தாங்கும் தெம்பு வருகிறது என்று கிளாட் ஸ்டீல் 1988இல் எழுதினார். பட்டறைக்காரர் மனைவி, “அன்னிக்குத் தெரிஞ்சதை வெச்சு முடிவு பண்ணீங்க. இன்னிக்கு வேற விஷயம் தெரிஞ்சிருக்குதுங்க. பட்டறைக் கணக்குல உங்களை யாரு மிஞ்ச முடியும், இதையும் ஒரு தடவை எழுதிப் பாருங்களேன்” என்று சொன்னால், அதில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. அவர் அதில் கால் வைத்து இறங்கி வரலாம்.

2. எச்சரிக்கைக்கு ஏற்ற நேரம், பணம் கட்டுவதற்கு முன். கட்டிய மறுநாள் அதே எச்சரிக்கை ‘பொறாமை’ ஆகிவிடும். முதல் தவணை வந்த பிறகு சொல்வது கிட்டத்தட்ட வீண். விழிப்புணர்வுப் போஸ்டர்கள் மோசடி உடைந்த பிறகு ஒட்டப்படுவது பற்றி என்ன சொல்ல?

3. ஆளையே தன் வாயால் சொல்ல வைப்பது, நாம் சொல்வதைவிட வலுவானது. கலிஃபோர்னியாவில் தண்ணீர்ப் பஞ்சம் இருந்த சமயம் டிக்கர்சனும் குழுவினரும் செய்து, 1992இல் வெளியிட்ட ஆய்வு இது. நீச்சல் குளத்தில் இருந்து வந்த மாணவிகளிடம் ‘குறைந்த நேரம் குளியுங்கள்’ என்ற போஸ்டரில் கையெழுத்து வாங்கி, அதோடு அவர்களே தண்ணீரை வீணடித்ததையும் நினைவுபடுத்தினார்கள். ஊருக்கு உபதேசம் ஒரு பக்கம், தன் பழக்கம் ஒரு பக்கம். எதுவும் கேட்கப்படாதவர்களைவிட அவர்கள் சீக்கிரமாகக் குளித்து முடித்தார்கள். இங்கே தப்பிக்கும் குறுக்கு வழிகள் அடைக்கப்பட்டிருந்தன. நடத்தையை மாற்றுவதுதான் எளிய வழியாக மிஞ்சியது.

4. புகார் தாமதமாகும். இதுதான் பணத்தளவில் பெரிய நஷ்டம். தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997இல் இருந்து இருக்கிறது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் மத்திய சட்டம் 2019இல் வந்தது. சொத்துகளை முடக்கி, நீதிமன்றம் வழியாகப் பணத்தைப் பிரித்துக் கொடுக்க இரண்டிலும் வழி உண்டு. ஆனால் முடக்க அங்கே ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். “புகார் கொடுத்தா வர்ற பணமும் வராது” என்ற பேச்சை ஏஜெண்டுகள் பரப்பும்போது, முதலீட்டாளர் அதை நம்புவது பயத்தால் மட்டும் அல்ல. புகார் மனு என்பது ‘நான் ஏமாந்தேன்’ என்று தன் கையெழுத்தில் எழுதித் தருவது. அதை எழுதாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

பொருளாதாரக் குற்றப்பிரிவு அலுவலகத்துக்கு ரசீது, வங்கிக் கணக்கு விவரம், செல்போனில் வந்த செய்திகள் என்று ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு முதலில் போகப்போவது யார்? கோட்பாட்டை நம்பினால் விடை மச்சான்தான். அவர் போட்டதும் பெரிய தொகைதான், ஆனால் அவர் வேறு யாரையும் சேர்த்துவிட்டதில்லை. பட்டறைக்காரர் அன்றும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கைகூப்பு போட்டிருப்பார்.